காயம் உண்டு, கடதாசி எங்கே?

பேராதனைப் பூங்காவைப் பார்க்கப் போகின்றவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், ஒரு காலத்தில் அங்கிருந்துதான் பெரும் போர் ஒன்று நடத்தப்பட்டது என்று? 1944 ஏப்பிரலில் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் டில்லியிலிருந்து பேராதனைக்கு மாற்றப்பட்டது. தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு கண்டியிலே குடியிருந்தார். பூங்காவின் மரங்களுக்கிடையே அலுவலகக் கொட்டில்கள் எழுந்தன. யப்பானியரிடமிருந்து பர்மாவை மீட்பதற்கான பெரிய தீர்மானங்கள் அங்கே எடுக்கப்பட்டன. 1945 இன் இறுதியில் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. கொட்டில்களும் போய்விட்டன. மரங்கள் நிற்கின்றன.

அந்தப் போரின் இன்னொரு அடையாளம் கண்டியில் இன்றும் இருக்கின்றது. தெவெனி ராஜசிங்க மாவத்தையில் உள்ள போர்ச் சேமக்காலையே அது. முன்னர் அதைப் பிட்டகந்த இராணுவச் சேமக்காலை என்றார்கள். சுமார் இருநூறு கல்லறைகள். பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எனப் பல நாட்டவர் அங்கே ஒரே புல்தரையில் உறங்குகின்றனர். புல் ஒழுங்காக வெட்டப்படுகின்றது. ஒவ்வொரு கல்லும் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றது. பணக்காரன், ஏழை, வெள்ளையன், கறுப்பன் என்ற பேதம் அங்கே தெரிவதில்லை.

இறந்தவனுக்குச் சமத்துவம் கிடைத்தது, நல்லது. ஆனால் காலை இழந்தும் கையை இழந்தும் உயிரோடு ஊர் திரும்பியவனுக்கு என்ன கிடைத்தது? இதுவே இக்கட்டுரையில் நாம் கேட்க விரும்பும் கேள்வி. ஊரையும் காணியையும் இழந்து, இழப்பை நிரூபிக்கும்படி அலுவலகம் அலுவலகமாகக் கேட்கப்படும் எமது வாசகர்களுக்கு இது தூரத்துக் கதையன்று.

காயத்துக்கு எது அத்தாட்சி?

போரில் காயப்பட்டவருக்கு அமெரிக்கா ஊதா நிற இருதய வடிவப் பதக்கம் ஒன்றை வழங்குகின்றது. அதைப் பெற்றவர் காயப்பட்டவர் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். பிரித்தானியப் படையில் அப்படியொரு பதக்கம் இல்லை. உலகப் போர்க் காலங்களில் காயப்பட்டவரின் சட்டைக் கையில் ஒரு சிறு கோடு தைக்கப்பட்டது. அவ்வளவுதான். படையை விட்டு விலகியதும் சட்டையும் போய்விடும், கோடும் போய்விடும். எஞ்சுவது உடம்பிலுள்ள தழும்பும் அலுவலகக் கோவையிலுள்ள ஒரு தாளுமே.

ஓய்வூதியமோ நட்டஈடோ கேட்கும்போது அலுவலகம் தழும்பைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கின்றது. எந்த நாளில், எந்த இடத்தில், எந்தப் படைப்பிரிவில் இருந்தபோது காயம் ஏற்பட்டது, எந்த வைத்தியசாலையில் சிகிச்சை நடந்தது, விலக்கப்பட்டபோது மருத்துவக் குழு என்ன எழுதியது என்று கேள்விகள் வரும். எழுதப்படிக்கத் தெரியாத ஒரு சிப்பாய், தன்னைப் பற்றி வேறொருவர் வேறொரு மொழியில் எழுதிய தாளை நம்பித்தான் முதுமைக் காலம் முழுவதையும் கடத்த வேண்டியிருந்தது. அந்தத் தாள் எழுதப்படாமல் விடப்பட்டிருந்தால்? எழுதப்பட்டும் தொலைந்திருந்தால்?

பதக்கத்தின் கதையும் இதுவே. பிரித்தானியா இரண்டாம் உலகப் போருக்காக வழங்கிய பொதுப் பதக்கங்களில் பெற்றவரின் பெயர் பொறிக்கப்படவில்லை. தரைப்படையிலிருந்து விலகிய பழைய சிப்பாய்கள் அவற்றை விண்ணப்பித்தே பெற வேண்டியிருந்தது. விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அறியாதவர்களுக்கு அவை போய்ச் சேரவில்லை. பெயரில்லாத ஒரு வட்டத் தகடு கையில் இருந்தாலும், அது யாருடையது என்பதைச் சொல்ல இன்னொரு கடதாசி தேவைப்பட்டது.

எமது மண்ணில் பயிற்சி பெற்ற ஆபிரிக்கர்

கண்டிச் சேமக்காலையில் ஆபிரிக்கப் பெயர்கள் ஏன் இருக்கின்றன என்று சிலர் கேட்பதுண்டு. கென்யா, உகண்டா, தங்கனிக்கா, நியசாலாந்து முதலிய நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட 11ஆம் கிழக்காபிரிக்கப் படைப்பிரிவு 1943 இல் இலங்கைக்கு வந்தது. காட்டுப் போருக்கான பயிற்சியை அவர்கள் இங்கே பெற்றார்கள். மேலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ‘கெடிவ் இஸ்மயில்’ என்னும் கப்பலை 1944 பெப்ரவரி 12 ஆம் நாள் மாலைதீவுக்கு அருகே யப்பானிய நீர்மூழ்கி ஒன்று தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. ஆபிரிக்கப் பீரங்கிப் படையினரும் தாதியரும் உட்பட ஏறத்தாழ 1,300 பேர் இறந்தனர்.

இலங்கையிலிருந்த பிரிவு 1944 இன் நடுப்பகுதியில் பர்மாப் போர்முனைக்கு அனுப்பப்பட்டது. மாரி மழைக்குள்ளே, மலேரியா மலிந்த கபாவ் பள்ளத்தாக்கில், சேற்றிலே இழுபட்டு அவர்கள் முன்னேறினார்கள். அவ்வாண்டு டிசெம்பரில் கலேவா நகரைப் பிடித்துச் சின்ட்வின் ஆற்றைக் கடக்க வழி திறந்தார்கள். பர்மாவை மீட்ட படைகளுக்கு அது பெரிய வாசல்.

போர் முடிந்து வீடு திரும்பும்போது ஒவ்வொரு சிப்பாய்க்கும் சேவை செய்த மாதக் கணக்கின்படி ஒரு வெகுமதிப் பணம் கொடுக்கப்பட்டது. 1945 ஆம் ஆண்டுக்குரிய ஓர் உத்தியோகபூர்வ ஆவணத்தின் விபரம் 2019 இல் பத்திரிகையாளர் ஒருவரின் தேடலால் வெளியே வந்தது. அதன்படி, ஆபிரிக்காவிலிருந்து சேவை செய்த வெள்ளையரில் ஆகக் கீழ்நிலைச் சிப்பாய்க்கு மாதத்துக்கு 10 சிலிங். ஆபிரிக்கச் சிப்பாய்க்கு 3.5 சிலிங். போர்முனையில் குண்டு நிறம் பார்த்துத் தாக்கவில்லை. சம்பளப் பட்டியல் நிறம் பார்த்தது.

70 வருடங்களுக்கு மேல் அந்தச் செய்தி ஒரு கோவைக்குள் கிடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அநியாயம் நடந்ததை அந்த மனிதர்கள் அறிந்தே இருந்தார்கள். ஆனால் அதை நிரூபிக்கும் தாள் அநியாயம் செய்தவர்களின் அலுமாரியில் இருந்தது.

2018 இல் பிரித்தானிய அரசாங்கம் பொதுநலவாய நாடுகளில் வறுமையில் வாடும் பழைய படையினருக்கும் அவர்களது விதவைகளுக்குமாக 12 மில்லியன் பவுண் ஒதுக்கியது. ஏறத்தாழ 7,000 பேருக்கு நாளுக்கு இரண்டு வேளை உணவுக்காவது வழி செய்வது அதன் நோக்கம். வரவேற்கலாம். ஆனால் 1945 இல் 25 வயது இளைஞனாக இருந்தவனுக்கு அப்போது வயது 98. உதவி வந்தது, உரிமை வரவில்லை. வந்த உதவியும் பெரும்பாலோருக்கு மரணத்தின் பின்னரே வந்தது.

கூர்க்கா வீரர் கற்பித்த பாடம்

நேபாளத்துக் கூர்க்கா வீரர்களின் போராட்டம் இதைவிடத் தெளிவான பாடத்தைத் தருகின்றது. துல் பகதூர் புன் என்னும் வீரர் 1944 யூன் 23 அன்று பர்மாவின் மொகாங் என்ற இடத்தில், தன் கூட்டத்தினர் ஒவ்வொருவராக விழுந்த பின்னர் தனியொருவராய் எதிரியின் அரணை நோக்கி ஓடி அதைக் கைப்பற்றினார். பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீர விருதான விக்ரோறியாச் சிலுவை அவருக்குக் கிடைத்தது.

60 வருடங்களுக்கு மேல் கழிந்தன. முதுமையும் நோயும் வந்தபோது சிகிச்சைக்காகப் பிரித்தானியாவில் குடியிருக்க அவர் அனுமதி கேட்டார். 2007 இல் அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்நாட்டோடு அவருக்குப் போதிய தொடர்பு இருப்பதாகக் காட்டப்படவில்லை என்பதே காரணம்! பத்திரிகைகளும் பொதுமக்களும் எழுப்பிய குரலால் சில கிழமைகளுக்குள் முடிவு மாற்றப்பட்டது. 2011 இல் அவர் காலமானார்.

விக்ரோறியாச் சிலுவை பெற்றவருக்கே இந்த நிலை என்றால், பதக்கமில்லாத சாதாரண வீரருக்கு? 1997 யூலை 1 ஆம் திகதிக்கு முன் ஓய்வுபெற்ற கூர்க்காக்களுக்குக் குடியிருப்பு உரிமை வழங்கப்படவில்லை. 2008 செப்ரெம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம் அந்த நடைமுறை சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தீர்த்தது. 2009 ஏப்பிரலில் அரசாங்கம் புதிய விதிகளை வெளியிட்டது. உயர்தர வீர விருது, 20 வருட சேவை, சேவையால் உண்டான நீடித்த நோய் அல்லது காயம் முதலியவை தகுதிகளாக வைக்கப்பட்டன. பார்வைக்கு இது நீதியாகத் தோன்றும். ஆனால் சாதாரண கூர்க்காச் சிப்பாயின் வழமையான சேவைக் காலமே 15 வருடங்கள்தான். இருபதை அவர் எப்படி எட்டுவார்? மலைக் கிராமத்திலிருந்து வந்தவர், ஐம்பது வருடங்களுக்கு முந்திய காயத்துக்கு எந்த வைத்தியசாலைத் துண்டைக் காட்டுவார்? கதவைத் திறந்துவிட்டு, கைக்கெட்டாத உயரத்திலே தாழ்ப்பாளை வைத்தது போல அந்த விதிகள் இருந்தன.

ஓய்வுபெற்ற வீரர்கள் ஒதுங்கிப் போகவில்லை. சங்கமாகச் சேர்ந்தார்கள். வழக்கறிஞர்களை நாடினார்கள். அவர்களோடு ஒரே படைப்பிரிவில் பணியாற்றிய ஓர் அதிகாரியின் மகளான நடிகை ஜோவானா லம்லி அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். 2009 ஏப்பிரல் 29 அன்று பாராளுமன்றத்தில் அரசாங்கம் 246 க்கு 267 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. மே மாதத்தில், நான்கு வருடமாவது சேவை செய்த எல்லாக் கூர்க்காக்களுக்கும் உரிமை வழங்கப்பட்டது. ஒரு தனி மனிதரின் பதக்கம் செய்யாததை ஒரு கூட்டத்தின் ஒற்றுமை செய்தது.

இதற்கு முன்னரும் ஒரு வெற்றி உண்டு. யப்பானியரிடம் கைதியாயிருந்து உயிர்தப்பிய பிரித்தானியப் படையினருக்குத் தலைக்கு 10,000 பவுண் வழங்க 2000 ஆம் ஆண்டில் அந்நாடு தீர்மானித்தது. அதே சிறைமுகாம்களில் அதே பட்டினியைக் கண்ட கூர்க்காக்கள் சேர்க்கப்படவில்லை. அக்காலத்தில் அவர்கள் இந்திய இராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்பதே சொல்லப்பட்ட நியாயம். அந்த வேறுபாடு இனத்தை அடிப்படையாகக் கொண்டது என்று 2002 நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழர் கணக்கு

மலாயாவின் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் சுபாஸ் சந்திர போசின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். பேராதனையிலிருந்து இயக்கப்பட்ட படைகளுக்கு எதிரணியில் அவர்கள் நின்றார்கள். தோற்ற படையில் நின்றவருக்குச் சேவைப் பதிவேடும் இல்லை, பதக்கமும் இல்லை. சுதந்திரம் பெற்று 25 வருடங்களான பின்னர், 1972 இல், இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தை ஆரம்பித்தது. இவர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். ஆனால் சிறையிருந்ததற்குச் சான்று கேட்கப்பட்டது. பதிவேடுகள் அழிந்த இடத்தில் உடன் சிறையிருந்தோர் தரும் சான்றும் ஏற்கப்பட்டது. ஆக, எவன் தன் பழைய தோழனோடு தொடர்பு விடாமல் இருந்தானோ அவன் தப்பினான்.

இத்திட்டம் சம்பந்தமான இரண்டு தீர்ப்புக்களை நாம் மனதில் வைக்க வேண்டும். 1993 இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில் இந்திய உயர் நீதிமன்றம், விண்ணப்பம் காலங்கடந்து வந்தது என்ற ஒரே காரணத்துக்காக உரிமையை மறுக்க முடியாது என்றது. ஆனால் ஓய்வூதியம் விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்றும் சொன்னது. 2001 இல் குர்தியால் சிங் வழக்கில், இத்தகையவர்களின் சான்றைக் குற்ற வழக்கில் போல ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கும்படி கேட்கக் கூடாது, நிகழ்ந்திருக்கக்கூடியதா என்று பார்த்தாலே போதும் என்று விளக்கியது. தாமதம் உரிமையைக் கொல்லாது. ஆனால் தாமதித்த ஒவ்வொரு மாதத்தின் பணமும் போனது போனதே.

இன்னொரு கூட்டத்துக்கு இந்தக் கதவுகூடத் திறக்கவில்லை. 1942 இலும் 1943 இலும் யப்பானியர் அமைத்த 415 கிலோமீற்றர் நீளமான சயாம்-பர்மா மரண இரயில் பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையாக மாண்டனர். அங்கு உழைத்த மேற்கு நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர், ஆசியத் தொழிலாளர் அவர்களைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. அதனால் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் எழுதிய கல்லறைகள் உள்ளன. தமிழ்த் தொழிலாளருக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே இன்றுவரை மதிப்பீடாகத்தான் இருக்கின்றது. 80 வருடங்களின் பின்னர், 2023 இல், காஞ்சனபுரியின் பௌத்த விகாரை வளவொன்றில் அவர்களுக்காக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. கல் நிற்கின்றது. பெயர்கள் இல்லை.

2021 ஏப்பிரலில் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவே ஒரு பெரிய உண்மையை ஒப்புக்கொண்டது. முதலாம் உலகப் போரில் இறந்த ஆபிரிக்க, ஆசிய, மத்திய கிழக்கு நாட்டவரில் ஆகக் குறைந்தது 116,000 பேர் பெயர் குறித்து நினைவுகூரப்படவில்லை, அல்லது முற்றாகவே விடப்பட்டனர். அத்தொகை 350,000 வரை இருக்கலாம். ஆணைக்குழு மன்னிப்புக் கேட்டது. கண்டியில் நாம் காணும் அந்தச் சமத்துவமான கல்லறைகள் எல்லா இடத்துக்கும் பொதுவாக இருக்கவில்லை என்பது இதனால் தெளிவாகின்றது.

எமது வாசலில்

எமது நாட்டிலும் இதே கேள்வி எழுந்தது. 2016 நவம்பரில் கொழும்பில் அங்கவீனமுற்ற படையினர் வீதியில் இறங்கினர். 12 வருட சேவை நிறையுமுன் காயப்பட்டு விலக்கப்பட்டவர்களுக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பன்னிரண்டு வருடம் முடியட்டும் என்று கண்ணிவெடி காத்திருக்குமா? அவர்களில் மிகப் பலர் எம்மைப் போன்ற ஏழைக் கமக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள். அப்போரில் சீருடை இல்லாமலே காயப்பட்ட தாய்மாரையும் பிள்ளைகளையும் நாம் அறிவோம். காயம் எந்தப் பக்கத்திலும் ஒரே மாதிரித்தான் வலிக்கின்றது. அங்கீகாரத்தைத் தேடி அலைவதும் எல்லாருக்கும் ஒன்றே.

எமது குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். 1985 இல் திறந்துவைக்கப்பட்ட விக்ரோறியா அணைக்காகத் தெல்தெனியப் பக்கத்து ஊர்களை விட்டவர்கள் இருக்கின்றார்கள். கலவரங்களாலும் போராலும் உடுத்த உடையோடு வெளியேறியவர்கள் இருக்கின்றார்கள். உழுத நிலம் எது என்று கால் அறியும், கை அறியும். அலுவலகமோ அனுமதிப்பத்திரத்தைக் கேட்கின்றது.

தாமதத்துக்கு நியாயம் உண்டு என்பதை எமது சட்டமும் ஒரு தடவை ஏற்றுக்கொண்டது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் காணி ஆட்சியுரிமைக் கணக்கிலிருந்து நீக்கிக் கேட்க இடம்பெயர்ந்தவர்களுக்கு வழி செய்தது. ஆனால் அதற்கு இரண்டு வருடமே தவணை. 2018 இல் அந்தக் கதவு மூடிவிட்டது. கூர்க்காக்களின் சங்கம் போல் ஊருக்கு ஒரு சங்கம் விழிப்பாக இருந்தால் இப்படிப்பட்ட தவணைகள் எமக்குத் தெரியாமல் கடந்து போகா.

நாம் செய்யக்கூடியவை

பழைய வீரர்களின் அனுபவத்திலிருந்து சில காரியங்களை இன்றே தொடங்கலாம்.

முதலாவது, உள்ள தாள்களைக் காப்பாற்றுங்கள். பிறப்பு, விவாகப் பத்திரங்கள், காணி அனுமதிப்பத்திரம், உறுதி, பங்கீட்டு அட்டை, வைத்தியசாலைத் துண்டு, பழைய வரிப் பற்றுச்சீட்டு என எதுவும் வீணன்று. பிரதி எடுத்து ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். மூலப் பத்திரத்தை எந்த அலுவலகத்திலும் விட்டு வராதீர்கள்.

இரண்டாவது, தாள் இல்லாதவர்கள் சாட்சிகளைத் தேடுங்கள். பக்கத்துக் காணிக்காரர், பழைய கிராம சேவகர், கூடப் படித்தவர் யாராவது இருப்பார். அவர் உயிரோடிருக்கும்போதே சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி எழுதி வாங்குங்கள். வயோதிபர்கள் எங்களுக்காகக் காத்திருக்கமாட்டார்கள்.

மூன்றாவது, விண்ணப்பத்தை இன்றே கொடுங்கள். குறையிருந்தாலும் கொடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். எந்த நாளில் கேட்டோம் என்பதே நாளைக்கு எமது உரிமையின் தொடக்கமாக இருக்கலாம்.

நான்காவது, எம்மைப் பற்றிய தாள் அவர்கள் அலுமாரியில் இருந்தால் அதைக் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. எந்தப் பிரசையும் அரச அலுவலகத்தின் தகவல் அதிகாரியிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும். ஆபிரிக்கச் சிப்பாய்க்கு இப்படியொரு சட்டம் 1945 இல் இருந்திருந்தால் எழுபது வருட இருள் இருந்திராது.

ஐந்தாவது, பெயர்களை எழுதி வையுங்கள். ஊரை விட்டு வந்த குடும்பங்கள் எவை, யார் யார் காயப்பட்டார்கள், யார் இறந்தார்கள், யார் காணாமற் போனார்கள், எந்தத் திகதியில், எந்த இடத்தில் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும், முதியவர்கள் சொல்லட்டும். மரண இரயில் பாதையில் மாண்ட எங்கள் மக்களுக்கு ஒரு கொப்பி இருந்திருந்தால், காஞ்சனபுரி நடுகல்லில் இன்று அவர்களுடைய பெயர்கள் இருந்திருக்கும்.

நன்றியை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கூடிக் கேட்டவர்களுக்குத் தாமதமாகவேனும் கிடைத்தது. கேட்பது பிச்சையன்று. பட்ட காயத்தையும் இழந்த நிலத்தையும் உண்மையென்று ஒப்புக்கொள்ளும்படி கேட்கின்றோம். அந்தக் கொப்பியின் முதற்பக்கத்தை இந்த மாதமே எழுதுவோம்.